சாவி என்னிடம்தான் இருக்கும்

தேர்வில் முதல் மார்க் வாங்கியவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றக் கூடாது என்று யாராவது சட்டம் கொண்டு வந்தால், ஆதரித்து முதல் கையெழுத்தை நான் போடுவேன். நோயாளியாக ஏற்றலாம், தப்பில்லை. வேலைக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கிள்ளானில் ஒரு முட்டுச் சந்து முழுக்க சாட்சிகள் இருக்கிறார்கள். கூடவே ஒரு சிசிடிவி பதிவும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

நான் கிள்ளானில் ஒரு தொண்டு ஆம்புலன்ஸ் சேவையில் பாராமெடிக். மருத்துவமனை வாசலைத் தொடும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பது எங்கள் வேலை. (என் பெரியம்மாவுக்கு இன்றும் நான் 'ஆம்புலன்ஸ்ல டிக்கெட் கொடுக்கிற பொண்ணு'தான். திருத்தி அலுத்துவிட்டது.) வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பயிற்சி ஒன்று நடந்தது. அதில் நான்தான் முதல் ஆள். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். மாட்டியது மட்டுமில்லை, என் நடையே மாறிப்போனது. பாசார் சந்தையில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், கேட்காமலேயே நிறுத்தி, கழுத்தை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். மீன்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கள் வண்டியின் ஓட்டுநர் காதர் அண்ணே. லோரி ஓட்டிக் களைத்து, 'புண்ணியமா ஒரு வேலை பாப்போம்' என்று ஆம்புலன்ஸுக்கு வந்தவர். என்னை அவர் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அதை மரியாதை என்று நினைத்து, "பரவால்ல அண்ணே, பேரச் சொல்லியே கூப்பிடுங்க" என்று பெருந்தன்மை காட்டினேன். அது நக்கல் என்று புரிய எனக்கு வெகு நாளாயிற்று.

அந்தச் சமயத்தில் இன்னொரு வண்டியின் ஓட்டுநர், சாவியை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். பூட்டுக்காரரை அழைத்துத் திறக்கும்படி ஆனது. எல்லோரும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். மறக்க விடுவேனா? மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஓட்டுநர்களுக்கு ஆயிரம் கவலை, நோயாளியின் கட்டில் தூக்க வேண்டும், ஆக்சிஜன் தூக்க வேண்டும், இதில் சாவியும் எதற்கு? வண்டி நின்றதும் சாவி குழுத் தலைவரிடம் வந்துவிட வேண்டும், பொறுப்பானவர் பையில் பத்திரமாக இருக்கும் என்று முழங்கினேன். எங்கள் வண்டியில் குழுத் தலைவர் யார் என்று கேட்காதீர்கள். அன்று முதல் வண்டி நிற்கும்போதெல்லாம் காதர் அண்ணே சாவியை இரண்டு கையாலும், பிரசாதம் மாதிரி, என்னிடம் நீட்டுவார். பழைய வண்டி அது, ரிமோட் கிடையாது, பிளாஸ்டிக் தலை கிடையாது. கனமான இரும்புச் சாவி. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை, காய்ச்சல், கை கால் வெட்டி இழுப்பு வந்து நின்றிருக்கிறது.

குழந்தை என்று கேட்டாலே எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் மருந்துப் பையை இன்னொரு முறை திறந்து பார்ப்பார்கள். பெரியவர் என்றால் எங்கே வலிக்கிறது என்று சொல்வார், கூடவே மருமகளைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வார். குழந்தை எதுவும் சொல்லாது. மருந்தின் அளவுகூட எடைக்கு எடை மாறும். வண்டியில் தராசு கிடையாது என்பதால் வயதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். வயதோடு நாலைக் கூட்டு, இரண்டால் பெருக்கு. காப்பார் சாலையில் சைரன் அலற, நான் அந்தக் கணக்கையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் பையில் கட்டிய, இன்னும் குடிக்காத தே தாரேக் டீ ஒன்று கண்ணாடிப் பக்கம் தொங்கி ஆட, காதர் அண்ணே பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில், "எடை போட்டுக் கோழியா வாங்கப் போறோம் டாக்டர்? மூச்சு விடு" என்றார்.

அந்தத் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லாம் வரிசை வீடுகள். நாங்கள் தேடிய வீடு ஒரு முட்டுச் சந்தின் வாயிலேயே இருந்தது. சந்துக்குள் இரண்டு பக்கமும் விருந்தாளிகளின் கார்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் காடிகள், நிரம்பி வழிந்தன. வாசலில் கூடாரம், பலூன், 'கவிஷா' என்று எழுதிய பெரிய தட்டி. குழந்தைக்கு அன்றுதான் பிறந்தநாள். வேறு இடமில்லாமல் காதர் அண்ணே வண்டியைச் சந்தின் வாயில் குறுக்கே நிறுத்தினார். ஆக்சிஜனையும் பையையும் தோளில் ஏற்றும் முன், வழக்கம்போல இரண்டு கையாலும் சாவியை நீட்டினார். வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குழந்தைகளைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. ஓடிப்போய்த் தொடக் கூடாது. கதவருகிலேயே ஒரு நொடி நின்று, குழந்தை எப்படி இருக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, நிறம் எப்படி என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். தொட்டால் அழும், அழுதால் பாதி விஷயம் தெரியாமல் போய்விடும். அருமையான முறை. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. நிலைப்படியில் கண்ணை இடுக்கிக்கொண்டு சிலையாக நின்ற என்னைப் பார்த்து, உள்ளே இருந்த ஒருவர், "பயப்படாதீங்க மிஸ்ஸி, உள்ள வாங்க லா" என்றார். (நர்ஸோ பாராமெடிக்கோ, இங்கே எல்லோரும் மிஸ்ஸிதான்.) நாய் கட்டித்தான் இருக்கிறது என்று பின்னாலிருந்து இன்னொருவர் தைரியம் சொன்னார்.

பயப்படாதீங்க என்றவர் சேகர், குழந்தையின் தாய்மாமன், வாகனப் பட்டறைக்காரர். குழந்தை கவிஷா தாய் ரேவதியின் மடியில், விறைப்பான இளவரசிக் கவுனில், சோர்ந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. மூச்சு சீராக இருந்தது, நிறம் நன்றாக இருந்தது. அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். குழந்தையின் வலது கையில் ஒரு ஸ்பேனர். இடது கையில் சாவிக் கொத்து. தலைமாட்டில் பாக்குவெட்டி. காலடியில் ஆணி அடிக்கும் சுத்தியல். அது போதாதென்று ஓர் அத்தை கையில் கரண்டியோடு, அடுத்த முறை இழுத்தால் பல்லுக்கு நடுவில் கொடுத்துவிடத் தயாராக நின்றார்.

இழுப்பு வந்தால் கையில் இரும்பு வைப்பது நம் ஆட்களிடம் எவ்வளவு ஊறிய பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் சான்றிதழ் வாங்கியவள் அல்லவா? முதலில் கரண்டியைப் பிடுங்கினேன். (அது மட்டும் இன்றைக்கும் சரிதான். வாயில் எதையும் வைக்கக் கூடாது. பல் உடையும், உடைந்த பல் தொண்டைக்குள் போகும்.) அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் பேசின் கொண்டுவரச் சொல்லி, வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் அதில் போட வைத்தேன். பிறகு நடுக்கூடத்தில் நின்று பேசினேன். இது மூளையில் நடக்கும் விஷயம், கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் மூளைக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க் கிரகத்துக்கு வண்டி அனுப்பும் காலத்தில் நாம் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா? படித்தவர்களே இப்படி இருந்தால் எப்படி?

அந்தக் கூட்டத்தில் இரண்டு ஆசிரியர்களும் ஒரு வழக்கறிஞரும் இருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேகர் மட்டும், தன் அம்மா காலத்திலிருந்தே வைக்கிறோம் என்று முனகினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இனிமே யாரும் பேசக் கூடாது. நான் கேட்டா மட்டும் பதில் சொன்னா போதும்" என்றேன்.

ரேவதி பயந்துபோய்த் தலையாட்டினார். அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கவுனைக் கழற்றினேன். அதற்கே ஒரு பட்டயப் படிப்பு தேவைப்பட்டது, அத்தனை கொக்கிகள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. காய்ச்சலில் வரும் இழுப்புதான், பெரும்பாலும் ஆபத்தில்லாமல் போய்விடும், இருந்தாலும் மருத்துவமனையில் பார்த்துவிடலாம் என்று ரேவதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்துத் தரையில் ஒரு பாயை விரித்துக் கவிஷாவைப் படுக்க வைத்தோம். காதர் அண்ணே கட்டிலை இறக்க வெளியே போனார்.

அப்போது குழந்தையின் கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

பயிற்சியில் இதை ரப்பர் பொம்மைக்குச் செய்திருந்தேன். ரப்பர் பொம்மைக்கு உதடு நீலமாகாது. கவிஷாவுக்கு ஆயிற்று. ஒரே நாளில் இரண்டாவது இழுப்பு என்றால் விஷயம் வேறு, இது நிற்காமல் போகவும் கூடும், அதற்கப்புறம் மூச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் குழந்தை என் கையில் போய்விடுமோ என்று நினைத்தேன்.

ஆனால் கை நிற்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன், ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மருந்தை எடுத்து எடைக் கணக்குப்படி அளவை வாய்விட்டுச் சொன்னேன். என் கைகள் தாமாக வேலை செய்தன. ரேவதி ஒரு பக்கம் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தைக் கொடுக்கப் போகும் நேரத்தில் இழுப்பு தானாக அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. குழந்தை பெருமூச்சு விட்டு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாள். கூடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

என் தலை கூரையை முட்டியது. பார்த்தீர்களா, ஸ்பேனர் இல்லாமலேயே நின்றுவிட்டது என்று ஒரு பார்வையைச் சேகர் பக்கம் வீசினேன். சேகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தோல்வியை ஒப்புக்கொள்ள முடியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

தாயையும் குழந்தையையும் கட்டிலில் வைத்து வண்டியில் ஏற்றினோம். காதர் அண்ணே ஓட்டுநர் இருக்கையில் ஏறி, திரும்பி, உள்ளங்கையை நீட்டினார்.

பையில் கை விட்டேன். கையுறைப் பொட்டலம் வந்தது. இன்னொரு பையில் விட்டேன். புளிப்பு மிட்டாய் வந்தது. சட்டைப் பை, பின் பை, மருந்துப் பை என்று எல்லாவற்றையும் தட்டினேன். சாவி இல்லை.

"சாவி உங்கிட்டதானே இருக்கும் டாக்டர்" என்றார் காதர் அண்ணே. குரலில் ஒரு சொட்டு நக்கல்கூட இல்லை, அதுதான் கொடுமை.

வீட்டுக்குள் ஓடினேன். பாயை உதறினேன், சோபாவைப் புரட்டினேன், கேக் மேசைக்கடியில் தவழ்ந்தேன். சட்டென்று பேசின் ஞாபகம் வந்தது. இரும்பு என்றால் வெறி பிடித்த இந்தக் குடும்பம், குழப்பத்தில் என் சாவியையும் எடுத்திருக்கும். வேறு யார் எடுப்பார்கள்? பேசினைத் தரையில் கவிழ்த்தேன். ஸ்பேனர், பாக்குவெட்டி, சுத்தியல், யார் யாருடைய சாவிகளோ எல்லாம் கொட்டின. என் சாவி மட்டும் இல்லை. "யாரு எடுத்தீங்களோ, மரியாதையா கொடுத்திடுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். என் நல்ல காலம், வழக்கறிஞர் அப்போது வெளியே நின்றிருந்தார்.

வேறு காடியில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேயும் கேட்டார்கள். சந்தில் இருந்த காடிகள் அத்தனையும் எங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் சேர்ந்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருந்தது, அசையவில்லை. மூன்றாவது முறை இழுத்தால் என்ன செய்வது என்ற எண்ணம் என் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாக் கருவியும் இருக்கும் வண்டிக்குள்தான் குழந்தை இருக்கிறாள், ஆனால் அது நகராத வண்டி. வெட்கத்தை விட்டுக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு இன்னொரு வண்டி கேட்டேன். உங்கள் வண்டிக்கு என்ன ஆயிற்று, டயரா, இன்ஜினா என்று கேட்டார்கள். சாவியைக் காணோம் என்றேன். 'சாவியாம்' என்று அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு, சாவிக்கு யார் பொறுப்பு என்று விதிமுறைப்படி கேட்டார்கள். அந்த விதிமுறையை எழுதியவளே நான்தானே!

இதற்கு நடுவில் ரேவதி இரண்டு முறை, "மிஸ்ஸி, வந்து..." என்று ஆரம்பித்தார். குழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, "அக்கா, நான் கேட்டா மட்டும்" என்று விரலை உயர்த்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது சேகர் முன்னால் வந்தார். பட்டறைக்காரர் இல்லையா, இரண்டு வயரைச் சேர்த்தால் வண்டி கிளம்பிவிடும், ஸ்டியரிங் பூட்டை உடைத்துவிடலாம், ஸ்பேனரை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றார். நான் மறுத்தேன். கவிஷா லேசாக முனகினாள். உடனே ஒப்புக்கொண்டேன். சற்று முன் மூடநம்பிக்கை என்று பறிமுதல் செய்த அதே ஸ்பேனரை, நானே பேசின் பக்கத்திலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். அவர் ஓட்டுநர் இருக்கைக்கடியில் படுத்து, மூடியைக் கழற்றி, திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். சந்து முழுக்க எங்களைச் சுற்றி நின்றது. யாரோ பலகாரத் தட்டை நீட்டினார்கள்.

நான் பின்னால் போய்க் குழந்தையிடம் உட்கார்ந்தேன். சாவிதான் போயிற்று, சோதனையாவது ஒழுங்காகச் செய்வோம். குழந்தையின் விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. ஒரு கையில் ஆக்சிஜன் அளக்கும் கருவி மாட்டியிருந்தது. மற்ற கை, தாயின் இரண்டு கைக்குள்ளும் பொதிந்திருந்தது.

"அக்கா, அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்க."

ரேவதி என்னை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இப்ப எடுக்கலாமா மிஸ்ஸி?"

"எத?"

அவர் கையை விரித்தார். உள்ளே குழந்தையின் குட்டிக் கை. அதற்குள்ளே என் சாவி.

"இதை யார் வச்சது?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நீங்கதானே வச்சீங்க. ரெண்டாவது தடவ இழுத்தப்போ. வச்சு, மூடி, என் கையையும் மேல வச்சு அழுத்தினீங்க. உடனே நின்னுடுச்சு. எடுத்தா திரும்ப இழுக்குமோன்னு கெட்டியா பிடிச்சிருந்தேன். ரெண்டு தடவ சொல்ல வந்தேன், நீங்கதான் பேசாதீங்கன்னீங்க."

அதெல்லாம் இருக்கவே முடியாது என்றேன். பயத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும், அதிர்ச்சியில் நினைவு மாறிப்போகும், அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு என்று அந்த நிலையிலும் பாடம் எடுத்தேன். இருக்கைக்கடியிலிருந்து சேகரின் தலை மட்டும் வெளியே வந்தது. "நானும் பாத்தேன் மிஸ்ஸி" என்றார். "எங்கள திட்டிட்டு நீங்களே வைக்கிறீங்களே, இது மருத்துவ சாவி போலன்னு நினைச்சேன்."

காதர் அண்ணே சேகரை எழுப்பி வெளியே அனுப்பினார். சாவியை வாங்கினார், வண்டியைக் கிளப்பினார். இன்னொரு வண்டி வேண்டாம் என்று நான் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். ஸ்டியரிங்குக்கடியில் வயர்கள் குடல் மாதிரி தொங்கின. மருத்துவமனை போகும்வரை அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. அழுகிறார் போல என்று ரேவதி என்னிடம் இரக்கத்தோடு சொன்னார்.

மருத்துவமனையில் ஓர் இளம் தமிழ் டாக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் மிடுக்கை ஒட்டுப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எப்போது இழுத்தது, எவ்வளவு நேரம், சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு. இழுப்பு நிற்க ஏதாவது கொடுத்தீர்களா என்று அவர் கேட்டார். இல்லை, தானாக நின்றது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், பேசுவதற்கு இப்போது தடையில்லை என்று எண்ணிய ரேவதி, "சாவி கொடுத்தாங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கவிஷா வார்டில் தங்கி, காய்ச்சல் இறங்கி, ஒரு குறையும் இல்லாமல் வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் அவளுக்கு இழுப்பே வரவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமே.

அடுத்த வாரம் சேகர் எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கேக், ஒரு பொட்டலத்தில் எங்கள் வண்டியின் திருகாணிகள், கூடவே கைப்பேசி. கூடத்துச் சிசிடிவியில் பதிந்ததைக் காட்டினார். நான் மறுத்ததை அவர் மறக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். பதிவில் ஒரு பெண் முகமூடியைப் பிடித்திருக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. நடுவில் அவளுடைய வலது கை மட்டும் யாரையும் கேட்காமல் கால்சட்டைப் பைக்குள் போகிறது, சாவியை எடுக்கிறது, குழந்தையின் உள்ளங்கையில் வைக்கிறது, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடுகிறது, தாயின் கையை இழுத்து மேலே வைத்து அழுத்துகிறது. முகம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மற்றவர்கள் சிரித்துப் புரண்டார்கள். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் தம்பி தினேஷுக்குக் குட்டி வயதில் காய்ச்சல் வந்தால் இழுக்கும். அப்பா வேலைக்குப் போயிருப்பார். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "சாவி, சாவி" என்று என்னைப் பார்த்துக் கத்துவார். அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அவன் கையில் வைத்து மூடி, நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்போது எனக்கு என்ன ஆறு வயது இருக்குமா? நான் அழுத்துவதால்தான் அவன் பிழைக்கிறான் என்று நம்பினேன். பயிற்சி என் மண்டைக்குப் போயிருக்கிறது, கைக்குப் போகவில்லை. பயந்தவுடன் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

அன்றோடு என் சாவிச் சட்டம் செத்தது. வண்டிச் சாவியில் காதர் அண்ணே செருப்பளவுக்கு ஒரு சிவப்பு மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். எந்தக் குழந்தையின் கைக்கும் அடங்காது. புதிதாகச் சேருகிறவர்களிடம், இது என்ன கட்டை என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டிவிடுவார்.

இப்போது தமிழ்ப் பள்ளிகளிலும் கோவில் மண்டபங்களிலும் பெற்றோருக்கு முதலுதவி சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு முறையும் பின் வரிசையிலிருந்து யாராவது கூச்சத்தோடு, இழுக்கும்போது இரும்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். முன்பென்றால் செவ்வாய்க் கிரகத்துக்குப் போயிருப்பேன். இப்போது, "அதால இழுப்பு நிக்காது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, மணியப் பாருங்க, எங்களக் கூப்பிடுங்க. அப்பவும் மனசு கேக்கலன்னா கையில என்ன வேணா வைங்க. வண்டிச் சாவிய மட்டும் வைக்காதீங்க" என்கிறேன். வேறு எந்த வரியும் அவர்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருப்பதில்லை.

கவிஷா இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள், கேக் வெட்டியதும் அந்தப் பதிவைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். போன முறை அம்மாவையும் தினேஷையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. திரையில் என் கை அந்தக் குட்டி விரல்களை மடக்கும் இடத்தில், "தம்பிக்கும் இப்படித்தான் மூடுவா" என்று பக்கத்திலிருந்த ரேவதியிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினேஷ் என்னைப் பார்க்காமல் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த உருக்கம் வீடு திரும்பும்வரைகூடத் தாங்கவில்லை. ஆறடிக்கு வளர்ந்து நிற்கும் என் தம்பி, கிளம்பும் நேரத்தில் தன் காடிச் சாவியைக் காணாமல் பையைத் தட்டினான், மேசைக்கடியில் குனிந்தான். பிறகு நிமிர்ந்து, எங்கள் வீட்டில் எந்தச் சாவி தொலைந்தாலும் கேட்கும் அதே கேள்வியை, அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, யாருக்கு இழுத்துச்சு?"